அந்த நாலு பேர் யார்?

(தலைப்பு: பிறர் கருத்தை எடுத்துச் சொல்லும்போது பெரிதும் வேண்டுவது பெயர் மறைக்கும் நாகரிகமா? பெயர் சொல்லும் நேர்மையா? ‘பெயர் சொல்லும் நேர்மையே’ என்ற அணியில் ஓர் ஆசிரியை பேசியது.)

நாகரிகம் நாகரிகம் என்று சொல்லிக்கொண்டே என்னை இவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அடுப்பில் பால் பொங்குவதையும் மறந்து பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பத்தாரே!

சின்ன வயசிலே நான் கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பேனுங்க. எங்க அம்மா உடனே சொல்லுவாங்க: “பொம்பளப் புள்ள இப்படிச் சிரிச்சா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” ஒருநாள் கேட்டுட்டேன். “அம்மா, அந்த நாலு பேர் யாரும்மா? பேரைச் சொல்லு. நானே போய்க் கேட்டுட்டு வர்றேன்.” பதிலா என்ன கிடைச்சுது? நடு மண்டையில ஒரு குட்டு. (சிரிப்பு)

எனக்குக் கல்யாணம் பேசினாங்க. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். “பொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா வேலைக்குப் போற பொண்ணு வீட்டைக் கவனிக்காதுன்னு நாலு பேர் சொல்றாங்க” என்றார். எங்க அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அதிர்ந்து பேச மாட்டார். அமைதியாச் சொன்னார்: “ஐயா, அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க. ஒரு வாய் காபி கொடுத்துப் பேசுவோம்.” வந்தவர் வாயைத் திறக்கவில்லை. ஏன்? நாலு பேர் இல்லைங்க. ஒரே ஒருத்தர்தான். அவரும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, ‘சொல்றாங்க’ என்கிற சொல் ஒரு திரைச்சீலை. சொன்னவனை மறைக்கவும் அதைத் தொங்கவிடலாம். சொல்லாததைச் சொன்னதாக ஆக்கவும் அதைத் தொங்கவிடலாம். அதனால்தான் சொல்கிறேன், நாகரிகம் இருக்கட்டும், முதலில் நேர்மை வேண்டும்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் பரிமேலழகரைத் துணைக்கு அழைத்தார். திருக்குறளுக்கு உரை கண்டவர்களிலே பரிமேலழகர், மற்ற உரைகாரர்களின் கருத்தை மறுக்கும்போது பெரும்பாலும் பெயரைச் சொல்வதில்லை. ‘இப்படி உரைப்பாரும் உளர்’ என்று நயமாகச் சொல்லி, அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். இது அல்லவா நாகரிகம் என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா அது உண்மை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பரிமேலழகர் எதிராளியின் கருத்தைக் குறைத்துச் சொல்லி, அதைச் சுலபமாக அடிக்கிறவர் அல்லர். அவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார். இன்றைக்கு அடுத்தவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த வழக்கத்துக்கே ஒரு கும்பிடு போடணும்.

ஆனால் நடுவர் அவர்களே, கதை அதோடு முடியலையே! குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்று ஒரு பழம்பாட்டு கணக்குச் சொல்கிறது. மணக்குடவர், பரிதியார், பரிப்பெருமாள், காளிங்கர், பரிமேலழகர் என்ற ஐந்து பேர் உரைகள் நம் கையில் இருக்கின்றன. மற்ற ஐவர்? தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர். இவர்கள் உரை நமக்குக் கிடைக்கவில்லை.

இப்போ யோசிச்சுப் பாருங்க. பரிமேலழகர் ‘உளர்’ என்று சொல்லும்போது, அது மணக்குடவர் கருத்து என்றால் நம்மால் கண்டுபிடிக்க முடியும். மணக்குடவர் உரையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் போச்சு. ஆனால் அது தாமத்தர் கருத்தாக இருந்தால்? மல்லர் கருத்தாக இருந்தால்? எங்கே போய்க் கேட்பது? 1,330 குறளுக்கும் ஒருவர் ராத்திரி பகலா உட்கார்ந்து உரை எழுதியிருக்கிறார். ஓலை போச்சு. உரை போச்சு. ஒரே ஓர் இடத்திலாவது ‘இது தாமத்தர் சொன்னது’ என்று எழுதி வைத்திருந்தால், அந்த மனுஷன் அந்த ஒரு வரியிலாவது உயிரோடு இருந்திருப்பாரே! இன்றைக்கு அவர் ‘உளர்’ என்ற சொல்லுக்குள்ளே கரைந்துபோனார். எதிரணி நண்பர்களே, உளர் என்று சொல்லியே இலர் ஆக்கிவிட்டோமே, இதுவா நாகரிகம்? (கைதட்டல்)

பெயரைச் சொன்னால் சண்டை வரும் என்றார்கள். வரட்டுமே! தொல்காப்பியத்துக்கு முதலில் உரை கண்டவர் இளம்பூரணர். பின்னால் வந்த சேனாவரையர் அவரை ‘உரையாசிரியர்’ என்றே குறிப்பிடுவார். உரையாசிரியர் இப்படிச் சொன்னார், அது பொருந்தாது என்று இடத்துக்கு இடம் மறுப்பார். அதற்கும் பின்னால் நச்சினார்க்கினியர் வருகிறார். உரையாசிரியரையும் மறுப்பார், சேனாவரையரைப் பெயர் சொல்லியும் மறுப்பார். எல்லாம் நேருக்கு நேர். இன்றைக்கு என்ன ஆச்சு? மூன்று பேர் உரையும் ஒரே அலமாரியிலே தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஒருத்தர் பெயரும் கெடவில்லை. மாணவன் மூன்றையும் படிக்கிறான். யார் சொன்னது சரி என்று அவனே முடிவு செய்கிறான்.

அடுத்தவர் கருத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்குத் தமிழிலே இலக்கணமே இருக்கிறதுங்க. பவணந்தி முனிவர் நன்னூலில் ஏழு வகை மதம் என்று சொல்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை, கருத்து. பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீங்க. நான் ஒரு சாம்பாரை வைத்து ஞாபகப்படுத்துகிறேன். (சிரிப்பு)

மாமியார் சொல்கிறார்: “சாம்பாரில் உப்பு கம்மி.” மகன் சாப்பிட உட்காருகிறான். முதல் வகை, உடன்படுவது. “ஆமாம்மா, கம்மிதான்.” இரண்டாவது, மறுப்பது. “இல்லைம்மா, சரியாத்தான் இருக்கு.” இப்படிச் சொல்கிற கணவன் வாய்த்தவள் போன பிறவியில் புண்ணியம் செய்தவள். (சிரிப்பு) மூன்றாவது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு தள்ளிவிடுவது. கூடத்திலே “ஆமாம்மா, கம்மிதான்.” அடுப்படிக்குள்ளே வந்து, “அம்மா கிடக்குறாங்க, நீ வச்ச சாம்பார் அமிர்தம்.” (பலத்த சிரிப்பு) நடுவர் ஐயா ரொம்பச் சிரிக்கிறீங்க, உங்க வீட்டிலேயும் இதுதான் போல! (கைதட்டல்)

நாலாவது, தானே ஒரு கருத்தைச் சொல்லிக் கடைசிவரை நிலைநாட்டுவது. “இது சாம்பாரே இல்லை, ரசம்.” ஐந்தாவது, இரண்டு பேர் மாறுபட்டு நிற்கும்போது ஒன்றைத் துணிந்து எடுத்துக்கொள்வது. அம்மா கம்மி என்கிறார், மனைவி சரி என்கிறாள். அந்தத் துணிவு இதுவரை எந்த ஆண்பிள்ளைக்கும் வந்ததில்லை! (சிரிப்பு) ஆறாவது, அடுத்தவர் நூலில் குற்றம் காட்டுவது. இதை மாமியாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏழாவது, யாரோடும் சேராமல் தன் கருத்தைத் தானே கொள்வது. மூலையில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பையன் சொல்கிறான்: “எனக்குத் தயிர்ச்சோறு போதும்.” (கைதட்டல்)

சிரிச்சாச்சு. இப்போ கணக்குப் பாருங்க. ஏழில் ஐந்து வகை, இன்னொரு மனிதர் இல்லாமல் நடக்கவே நடக்காது. ஏற்கவும் ஆள் வேண்டும், மறுக்கவும் ஆள் வேண்டும். இருவரில் ஒருவரைத் துணி என்கிறார் பவணந்தியார். அந்த இருவர் யார், எவர் என்ன சொன்னார் என்றே தெரியாவிட்டால் படிக்கிறவன் எதைத் துணிவான்? எழுதுகிறவன் சொன்னதை அப்படியே விழுங்க வேண்டியதுதான்.

பெயர் தெரியாததால் எவ்வளவு குழப்பம் வருகிறது என்று ஒன்று சொல்கிறேன். 1885-ல் சி.வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சிட்டார். ஓலைச்சுவடி செல்லரித்துப் போகிற காலத்திலே அது மகத்தான தொண்டு. நச்சினார்க்கினியர் உரை என்று போட்டுத்தான் வெளியிட்டார். பின்னால் ரா. இராகவையங்கார் ‘செந்தமிழ்’ இதழிலே ஆராய்ந்து எழுதினார். கடைசிப் பகுதி இயல்களுக்கு அதிலே இருப்பது நச்சினார்க்கினியர் உரை அன்று, அது பேராசிரியர் என்பவர் எழுதிய உரை என்று காட்டினார். ஒருத்தர் உழைப்பு இன்னொருத்தர் பெயரில் நின்றது. யாரும் வேண்டுமென்று செய்த தப்பு இல்லை. சுவடியிலே பெயர் விளங்கவில்லை, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய இன்னொரு பெரும்புலவர் வர வேண்டியிருந்தது.

அதே பேராசிரியருக்குப் பெயர் செய்த நன்மையையும் பாருங்க. குறுந்தொகைக்கு அவர் உரை எழுதினார். இருபது பாட்டுக்கு மட்டும் எழுதாமல் விட்டார். அந்த இருபதுக்கும் நச்சினார்க்கினியர் எழுதினார். இரண்டு உரையும் இன்று இல்லை. பிறகு எப்படித் தெரியும்? ஒரு பழைய பாயிரச் செய்யுள் பெயர் சொல்லி, கணக்கும் சொல்லி வைத்திருக்கிறது. உரை போன பிறகும் உரைகாரருடைய உழைப்பு நமக்குத் தெரிகிறதென்றால், யாரோ ஒருவர் பெயரைச் சொன்ன புண்ணியம்!

எதிரணியில் ஒரு தம்பி குறுக்கே கேட்டார்: “பெயர் சொன்னால் மட்டும் நேர்மை வந்துவிடுமா? சினிமா விளம்பரத்தைப் பாருங்க!” நியாயமான கேள்வி. விமர்சகர் எழுதுகிறார்: ‘பாடல் காட்சிகள் அருமை, மற்றதெல்லாம் அறுவை.’ விளம்பரத்திலே பத்திரிகை பெயரைப் பெரிசாப் போட்டு, பக்கத்திலே ஒரே சொல்: ‘அருமை!’ (சிரிப்பு) பெயர் இருக்கிறது, நேர்மை இல்லை. ஒத்துக்கறேன். ஆனால் தம்பி, இந்தப் புரட்டு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? பத்திரிகை பெயர் இருந்ததால்தானே பழைய இதழைப் புரட்டிப் பார்த்தீங்க? ‘நாலு பேர் அருமைன்னு சொல்றாங்க’ என்று போட்டிருந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பீங்க? பெயரைச் சொன்னவன் பொய் சொன்னால் பிடிபடுவான். பெயர் சொல்லாதவன் மெய் சொன்னாலும் நம்மால் சரிபார்க்க முடியாது. (கைதட்டல்)

பெருந்தன்மை என்றால் என்ன? உ.வே. சாமிநாதையரைப் பாருங்க. 1880. கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியர். வயசு 25. சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப்பைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்தீர்கள் என்று கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருக்கு அது எவ்வளவு சுருக்கென்று தைத்திருக்கும்!

அந்தக் கேள்விதான் அவரைத் திருப்பியது. 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாக வந்தன. தமிழ்நாடே அவரைக் கொண்டாடியது. 1940-ல் ஆனந்த விகடனிலே தம் வாழ்க்கைக் கதையை எழுதத் தொடங்கினார். வயசு 85. ‘பழைய நூல்களைத் தேட வேண்டும் என்று எனக்கே தோன்றியது’ என்று எழுதியிருந்தால் யார் மறுத்திருக்கப் போகிறார்கள்? அப்படி எழுதவில்லைங்க. இன்னார் கேட்டார், எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் இந்த வழிக்கு வந்தேன் என்று ஊர், பேர், பதவி எல்லாம் போட்டு எழுதினார். 25 வயசில் பட்ட சூட்டை 85 வயசில் பெயரோடு சொல்கிறாரே, அதுதாங்க பெருந்தன்மை! பெயர் சொன்னதால் அவர் சின்னவராகவில்லை. நமக்கு இராமசுவாமி முதலியாரும் கிடைத்தார். (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்கிறீங்க. தெரியுது. ஒரே ஒரு சங்கதி. அதைச் சொல்லத்தான் இந்த அணியை நானே கேட்டு வாங்கினேன்.

எங்க பள்ளிக்கூடத்திலே எட்டாம் வகுப்பு. சிலப்பதிகாரக் கதை நடத்திக்கொண்டிருந்தேன். பாண்டியன் உண்மை தெரிந்ததும் தன் தவறை ஒப்புக்கொண்டு உயிரை விட்டான் என்று சொன்னேன். ஜன்னலோரத்திலிருந்து ஒரு குழந்தை எழுந்து நின்றாள். “டீச்சர், தப்பு செஞ்சது ரெண்டு பேர். பொற்கொல்லனும் செஞ்சான், ராஜாவும் செஞ்சார். ஆனா கண்ணகி முன்னாடி ஒத்துக்கிட்டது ஒருத்தர்தான். அதனாலதான் டீச்சர் அவரு ராஜா.” நான் அசந்து போயிட்டேன். எத்தனையோ ஆராய்ச்சிப் புத்தகம் படிச்சவ நான். எனக்கு அது தோணலை.

அடுத்து ஒரு பட்டிமன்றத்திலே அதை எடுத்து விட்டேன். ‘ஒப்புக்கொண்டதனால்தான் அவன் அரசன்’ என்றேன். அரங்கமே அதிர்ந்தது. நடுவர் பாராட்டினார். தொலைக்காட்சியிலும் வந்தது. யார் சொன்னது என்று நான் சொன்னேனா? இல்லைங்க. மறைக்க நினைக்கலை. ஆனால் கைதட்டல் வந்தபோது, ‘இது என்னுடையது இல்லை’ என்று சொல்ல வாய் வரலை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் குழந்தை வந்தாள். கோபப்படுவாள் என்று நினைச்சேன். கோபமே இல்லை. “டீச்சர், நான் சொன்னதை நீங்க டி.வி.யில சொன்னீங்கள்ல?” என்று கண்ணெல்லாம் சிரிப்பு. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “அது நான் சொன்னதுன்னு அம்மாகிட்ட சொன்னேன் டீச்சர். நம்பலை. டீச்சர் சொன்னதைப் போய் நான் சொன்னேன்னு பொய் சொல்றியேன்னு அடிச்சுட்டாங்க.”

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, அவள் சொந்தக் கருத்துக்கே அவள் பொய்க்காரி ஆகிவிட்டாள். நான் பெயர் சொல்லாததால்! திருடினேன் என்று யாரும் என்னைச் சொல்லவில்லை. அடி அந்தக் குழந்தைக்கு விழுந்தது. தாமத்தருக்கும் மல்லருக்கும் வருத்தப்பட இன்றைக்கு ஆள் இல்லை. இந்தக் குழந்தைக்கு வலிக்கிறது.

நேற்று அவளைக் கேட்டேன். “நாளைக்கு மேடையிலே உன் பேரைச் சொல்லட்டுமா?” வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்: “பேர் வேண்டாம் டீச்சர். எட்டாம் வகுப்பு, ஜன்னலோரம்னு சொல்லுங்க. அம்மாவுக்குத் தெரியும்.”

எதிரணியிலே சிரிக்கிறாங்க. ‘கடைசியில் நீங்களே பெயர் சொல்லலையே’ என்று. ஐயா, சேனாவரையர் ‘உரையாசிரியர்’ என்றுதானே சொன்னார்? இளம்பூரணர் என்று தெரியாமலா போச்சு? உரியவரைக் காட்டிவிட்டு அவர் விருப்பப்படி பெயரைச் சொல்லாமல் விடுவது வேறு. உரியவரே இல்லாதபடி ஆக்குவது வேறு. என் அணி கேட்பது எழுத்துக்கூட்டிப் பெயர் சொல்லச் சொல்லி அல்ல. பொருள் யாருடையதோ அவர் வாசலிலே கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி.

பாராட்டினால் இன்னாரைப் பாராட்டுகிறேன் என்று சொல்லுங்க. மறுத்தால் பரிமேலழகர் மாதிரி அவர் கருத்தைச் சொல்லி, நச்சினார்க்கினியர் மாதிரி நேருக்கு நேர் மறுங்க. கடன் வாங்கினால் உ.வே.சா. மாதிரி கடன் என்று சொல்லுங்க. வீட்டிலேயும் அப்படித்தான். மருமகள் சொன்ன யோசனையை மகன் சொன்னதாக ஆக்காதீங்க. மகள் கண்டுபிடித்ததைத் ‘தோணுச்சு’ என்று சொல்லாதீங்க.

எட்டாம் வகுப்பு ஜன்னலோரத்துப் பிள்ளையின் அம்மா! இப்போ பார்த்துக்கொண்டிருக்கிறீங்க என்று எனக்குத் தெரியும். பாண்டியனைப் பற்றி அன்றைக்கு நான் சொன்னது உங்க மகள் சொன்னது. அவள் பொய் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. அவளைக் கூப்பிட்டுப் பக்கத்திலே உட்கார வச்சுக்கோங்க.

பிறர் கருத்தை எடுத்துச் சொல்லும்போது பெரிதும் வேண்டுவது பெயர் சொல்லும் நேர்மையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)